ஏறி வந்த நீலக்கல்

மாசி மாதம் ஐந்தாம் தேதி காலை பைரப்பாறைக் கல் குவாரியில் இருந்தவர்கள் இவர்கள்: கம்ப்ரசர் ஓட்டுகிறவன் ஒருவன், துளை போடுகிறவர்கள் நான்கு பேர், சம்மட்டி ஆட்கள் ஆறு பேர், ஜல்லி உடைக்கிற பெண்கள் ஐந்து பேர், டிராக்டர் ஓட்டும் சென்றாயன், மேஸ்திரி திம்மராயன், டீ கொண்டு வந்த பெரியவர் ஒருவர். ஆகப் பத்தொன்பது பேர். நாயைச் சேர்த்தால் இருபது. ஆனால் நாய் லாரியின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்ததால் அது எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஜல்லி உடைக்கிற ஐந்து பெண்களில் ஒருத்தி பெருமாயி. அவள் புருஷன் மாதப்பன் பதினோரு வருஷத்துக்கு முன் அதே குவாரியின் கீழ்க் குழியில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது மேல் பாறை சரிந்து அவனை மூடிவிட்டது. கீழ்க் குழியின் ஆழம் நூற்றைந்து அடி. பன்னிரண்டு நாள் தேடினார்கள், பிறகு யானை யானையாகக் கிடந்த கல்லை அசைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டு, குழியை மிச்சக் கல்லும் மண்ணும் போட்டு மேல் தளம் வரைக்கும் நிரப்பிச் சமமாக்கிவிட்டார்கள். அந்தச் சமதளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பெருமாயி பதினோரு வருஷமாக ஜல்லி உடைத்தாள். வேறு குவாரிகள் இருந்தன, பஸ் வசதியோடு இருந்தன. அவள் போகவில்லை.

அன்று காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நிரப்பிய தளத்தின் நடுவில் கற்கள் மெல்ல விலகின. மாட்டுத் தொழுவத்தில் படுத்திருக்கும் பசு எழுந்திருக்கும்போது வைக்கோல் விலகுவதுபோல, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் விலகின. நடுவிலிருந்து பன்னிரண்டு அடி அகலத்துக்கு வட்டமாக ஒரு நீலக்கல் வெளியே வந்து, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. பத்தொன்பது பேரும் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். தொட்டால் கன்று போட்ட பசுவின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. திம்மராயன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பைரப்பாறையில் எதையும் தட்டித்தான் பார்ப்பார்கள். கல்லைத் தட்டுவார்கள், பானையைத் தட்டுவார்கள், பெண் கேட்டுப் போன வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் உட்காருவார்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் ஆகாது. நீலக்கல் மொத்தென்றது.

“அழுகல் கல்லு,” என்றார் திம்மராயன். எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் கல் திரும்பிப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் வெயிலில் வெடித்து, காய்ந்த வறட்டிபோல அடுக்கடுக்காகப் பெயர்ந்து, வெளியே தெரிந்த ஒரு சாணும் உதிர்ந்து நீல மண்ணாகிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் கீழிருந்து இன்னொரு சாண் ஏறி வந்திருந்தது. அதுவும் அன்றைய வெயிலில் உதிர்ந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். இப்படியாக ஏறுவதும் உதிர்வதுமாக, கூடாமல் குறையாமல், ஒரு நாளும் லீவு எடுக்காமல், அந்தக் கல் வேலை பார்த்தது.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பைரப்பாறையில் நாற்பத்தாறு வீடுகள், நாற்பத்தாறிலும் நீல மண்ணைக் கொண்டுபோய்த் தரை மெழுகினார்கள், ஏனென்றால் அதில் சிவப்பாகவும் பச்சையாகவும் கடுகளவு மணிகள் கலந்திருந்ததால் விளக்கு வைத்தால் தரை மினுங்கியது. பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரை நீலக்கல் என்று மாற்றிக் கூப்பிட்டார். கிராம அலுவலர் வந்து அளந்தார், அளந்ததை எழுதப் படிவத்தில் நீளத்துக்கும் அகலத்துக்கும் கட்டம் இருந்ததே தவிர ஏறுவதற்குக் கட்டம் இல்லாததால், கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘இதர’ என்ற இடத்தில் எழுதிக்கொண்டு போனார். பக்கத்து ஊர்ப் பூசாரி வந்து இது முனியப்பன்தான், ஒரு கோழி அறுக்க வேண்டும் என்றார். அதற்கு எல்லம்மா, “தினமும் ஒரே அளவு, ஒரே நேரம், சொன்னாச் சொன்னபடி வருது. சாமி எங்கயாவது இப்படி வருமா?” என்று கேட்டாள். அவள் ஜல்லி உடைக்கிற பெண்களில் மூத்தவள், வாய்க்காரி. பூசாரி கோழியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் கல் உதிர்ந்தபோது அதற்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ப் பீப்பாய் வந்தது. நசுங்கியிருந்தது, ஆனால் மூடி திறக்கவில்லை, உள்ளே தண்ணீர் ஆடியது. திம்மராயன் அதை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தார். கீழ்க் குழி சரிந்த அன்று அந்தப் பீப்பாய் பன்னிரண்டு அடி ஆழத்துத் திட்டில் இருந்ததாகச் சொன்னார். தானே வைத்ததாகவும் சொன்னார்.

பெருமாயி ஜல்லிக் கல் ஒன்றை எடுத்துத் தரையில் கோடு போட்டாள். நான்கு சாண் மூன்று அடி. பன்னிரண்டு அடி பதினாறு சாண். இன்று பதினாறாம் நாள். அப்படியானால் இந்தக் கல் குழியை அடியிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டு வருகிறது, எந்த ஆழத்தில் எது கிடந்ததோ அது அந்தந்த நாளில் வந்து சேரும். மாதப்பன் அடித்தளத்தில் நின்றுகொண்டிருந்தான். நூற்றைந்து அடி. அவள் மூன்று தடவை கணக்குப் போட்டாள், மூன்று தடவையும் நூற்று நாற்பது வந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை, கோட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மறுநாளிலிருந்து ஊரில் தேதியை விட்டுவிட்டுச் சாணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணத்தை முப்பதாம் சாணுக்கு வைத்திருக்கிறோம் என்பார்கள், கடன்காரனிடம் ஐம்பதாம் சாணுக்குள் தந்துவிடுகிறேன் என்பார்கள். நாற்பத்துநான்காம் நாள் ஒரு கடப்பாரை வந்தது, அதன் தலையில் மாதப்பனுடைய அடையாளமாக மூன்று கொத்து இருந்தது. பெருமாயி அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

அதற்குள் கண்ணாடி போன்ற கற்களும் வர ஆரம்பித்திருந்தன. உதிர்ந்த மண்ணை வாரும்போது எப்போதாவது ஒன்று கிடைக்கும். புளியங்கொட்டை அளவு ஒன்று, துவரை அளவு ஒன்று, சில வெள்ளையாக, சில லேசான மஞ்சளாக. கழுவினால் தண்ணீர் அதன்மேல் நிற்காமல் வழுக்கிப் போயிற்று. வைரமோ என்று சென்றாயன்தான் முதலில் கேட்டான். கேட்டதும் ஊருக்குள் ஒரு நடுக்கம் ஓடியது. திம்மராயன் அதற்கு வழி சொன்னார். வைரம் என்றால் உலகத்திலேயே கெட்டியான கல், சம்மட்டிக்கு அசையாது, அசைந்தால் அது வைரம் இல்லை. உளி தீட்டும் இரும்புப் பட்டடையில் வைத்துப் பன்னிரண்டு கிலோ சம்மட்டியால் ஒரே போடு. கல் மாவாகிப் போயிற்று.

“கண்ணாடி,” என்றார் திம்மராயன்.

ஆள் மாற்றி ஆள் கொண்டுவந்தார்கள். யாருடையதும் சம்மட்டிக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் ஏமாற்றம், சென்றாயனுக்கு மட்டும் கூடுதல் கேலி, “என்னப்பா, பங்களாவுக்குக் கடைக்கால் தோண்டியாச்சா?” எழுபதாம் நாள் வரைக்கும் உடைத்தது முப்பத்தொன்று.

எழுபத்தோராம் நாள் ஒரு ஜீப் வந்தது. கம்பெனி ஒன்றிலிருந்து மண் பரிசோதிக்க வந்த பெண் இறங்கினாள். பெயர் ஜெசிந்தா, நாகர்கோவில் பக்கத்துக்காரி, இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும், தொப்பி போட்டிருந்தாள், எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுகிற சுபாவம். கல் தானாக ஏறுவதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. இந்த ஜாதிக் கல் ஏறத்தானே செய்யும், முன்னே ஒரு காலத்தில் ஒரே மூச்சில் ஏறியது, இப்போது நிதானமாக ஏறுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். சிவப்பு மணிகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது. வைரம் இருக்கிற கல்லில் இந்த மணிகளும் இருக்கும் என்றாள். பத்து நாள் கழித்துப் பன்னிரண்டு மூட்டை மண்ணைக் கழுவிப் பார்க்கப் போவதாகவும், வைரம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் கம்பெனி வேலி போட்டு, வேட்டு வைத்து, கல்லை இருநூறு அடிக்குத் தோண்டி எடுத்துவிடும் என்றும் சொன்னாள். அதையும் உண்மையாகத்தான் சொன்னாள்.

எழுபத்துமூன்றாம் நாள் மத்தியானம் பெருமாயி அவளுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கல்தான் வைரத்தைச் செய்கிறதா என்று கேட்டாள்.

“இல்லக்கா,” என்றாள் ஜெசிந்தா. “இது நெருப்புக் கொழம்பா இருந்த கல்லு. வைரம் இதைவிட ரொம்பப் பழசு. நூறு மைல் ஆழத்துல அது பாட்டுக்குக் கெடந்துச்சு. இது மேல வார வழியில அதையும் ஏத்திக்கிட்டு வந்துச்சு, அவ்வளவுதான். ரோட்டுல நிக்குற ஆள லாரிக்காரன் ஏத்திக்கிடுவான்லா, அது மாதிரி. முக்காவாசிக் கல்லு வெறும் லாரியாத்தான் வரும்.”

பெருமாயி தலையசைத்தாள். ஏற்றிக்கொண்டு வருகிற கல் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். பிறகு சம்மட்டியைப் பற்றிக் கேட்டாள். வைரத்தை எதுவும் கீற முடியாது, ஆனால் ஓங்கி அடித்தால் வரி பார்த்துப் பிளந்து தூளாகிவிடும் என்றாள் ஜெசிந்தா. கெட்டியாக இருப்பது வேறு, அடி தாங்குவது வேறு. தண்ணீர் அதில் ஒட்டாது, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் விடாமல் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் தகரத்தட்டில் கிரீஸ் தடவி அதன்மேல் மண்ணைக் கழுவி ஓட விடப்போகிறோம், மண் போய்விடும், வைரம் மட்டும் தட்டில் நிற்கும்.

மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்த பெருமாயிக்குக் கால் தரையில் படவில்லை. முப்பத்தொன்றும் வைரம். இனி வரப்போவதும் வைரம். எல்லம்மாவின் மகள் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தும் போகாமல் வீட்டில் இருக்கிறாள், சென்றாயனின் அண்ணன் கல்தூசி அடைத்த நெஞ்சோடு வாசலில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைகிறான், அவளுக்குத் தெரியாத வீடு ஒன்றும் அந்த நாற்பத்தாறில் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் வேட்டு வைப்பார்கள். அறுபத்தேழு சாண் கீழே அவன் இருக்கிறான். ஒரு தரம் பாறை விழுந்தது போதாதென்று இரண்டாம் தரம் வேட்டு. அவள் எட்டு நாள் சொல்ல வாயெடுத்தாள், எட்டு நாளும் மூடிக்கொண்டாள்.

எண்பத்தோராம் நாள் மண் கழுவினார்கள். தொட்டியில் மண்ணைக் கரைத்துக் கையால் அலசித் தட்டில் விடும் வேலை ஜல்லிப் பெண்கள் ஐந்து பேருக்கு என்று பேச்சு. அன்று காலை பெருமாயி அடுப்படியில் நின்று, விளக்கெண்ணெயை ஊற்றி, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டாள். தட்டுக்குப் போகும் முன்னே வைரம் தன் கையில் ஒட்டிக்கொள்ளட்டும். ஊரையே திருடப்போகிறவளைப்போல முந்தானையால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், குனிந்தபடி குவாரிக்குப் போனாள்.

தொட்டியருகே மற்ற நால்வரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நால்வரின் கைகளும் முழங்கை வரைக்கும் வெயிலில் பளபளத்தன. காற்று முழுக்க விளக்கெண்ணெய் வாடை.

பெருமாயி நின்றுவிட்டாள். எல்லம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி பார்க்கறே? முந்தானையை எடுத்துட்டு உக்காரு. ஒரு ஆளா நீயே பன்னெண்டு மூட்டையையும் அலசிடுவியோ?”

உட்கார்ந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஜெசிந்தா உண்மையைச் சொல்லியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் நாளே கேட்டவர் திம்மராயன். தன் வாய்ச்சொல்லால் மாவாகிப் போன முப்பத்தொன்றை நினைத்து அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை, மறுநாள் எழுந்து பெருமாயி வீட்டை மட்டும் விட்டுவிட்டு நாற்பத்தைந்து வீட்டுக்கும் நடந்திருக்கிறார். எந்த வீட்டிலும் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டு வீடுகளில் சத்தம் வந்தது, ஒரு வீட்டில் அழுகை வந்தது. கடைசியில், மாதப்பன் வரும்வரை கம்பெனிக்குக் காட்டுவதில்லை என்பதற்கு எல்லா வீட்டிலும் சரி என்றார்கள்.

பன்னிரண்டு மூட்டையும் கழுவி முடிய மாலை நான்கு ஆயிற்று. ஜெசிந்தா ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தாள். ஐந்து பெண்களும் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியது. ஜெசிந்தா மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள், ஐந்து முகங்களையும் பார்த்தாள், பெருமாயி முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பிறகு நோட்டை எடுத்துத் தட்டில் இருந்ததை எழுதினாள். தட்டுக்கு வராததை அவள் எழுதவில்லை. தட்டில் இருந்தது பூஜ்யம். ஜீப்பில் ஏறும்போது, “நூத்தி நாப்பதுக்கு இன்னும் அம்பத்தொம்பது இருக்குல்லாக்கா,” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஜீப்பின் தூசி அடங்கியபின் ஐந்து பெண்களும் கையை விரித்தார்கள். ஒன்பது கற்கள். திம்மராயன் அவற்றைப் பட்டடையில் வைத்தார். பெருமாயி ஓடிப்போய்ச் சம்மட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் எதற்கு உடைப்பது, ஒளித்து வைத்தால் போதாதா, எல்லம்மா மகளுக்காகவாவது ஒன்றை வைக்கக்கூடாதா என்று கெஞ்சினாள்.

“முழுசா இருந்தா எவனாவது ஒருத்தன் வித்துடுவான், தங்கச்சி,” என்றார் திம்மராயன். “ஒண்ணு சந்தைக்குப் போச்சுன்னா மறுநாள் நூறு லாரி வந்து நிக்கும். அடுத்தவனை ஏன் சொல்லணும், நானே வித்துடுவேன். என்னை எனக்குத் தெரியும். நூத்தி நாப்பதாம் சாண் வரைக்கும் இது கண்ணாடிதான்.”

எல்லம்மா அவள் கையைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். “விடுடி. எம் பொண்ணுக்கு ரெண்டு கையும் இருக்குது, காலும் இருக்குது. மேலதான் இருக்கறா.”

சம்மட்டி விழுந்தது.

அதற்குப் பிறகு வந்தவை இருபத்துநான்கு. ஒவ்வொன்றையும் கண்டெடுத்தவர்களே கொண்டுவந்து பட்டடையில் வைத்தார்கள், வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். சென்றாயன் கொண்டுவந்தது நெல்லிக்காய் அளவு இருந்தது. அவன் அதை அண்ணனிடம் ஒரு தடவை காட்டிவிட்டுக் கொண்டுவந்திருந்தான். அண்ணன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சிரித்து, இருமி, கொண்டுபோ என்று சொன்னானாம். அன்று யாரும் சென்றாயனைக் கேலி செய்யவில்லை. மொத்தம் அறுபத்துநான்கு கற்கள், அறுபத்துநான்கும் தூள். அந்தத் தூளைக் கூட்டிப் பெருமாயி ஒரு சுருக்குப்பையில் போடப் போனபோது காற்று வந்து அதையும் கொண்டுபோயிற்று.

நூற்று முப்பத்தொன்பதாம் நாள் ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு வந்தது.

நூற்று நாற்பதாம் நாள் குவாரியில் யாரும் வேலை செய்யவில்லை. நாற்பத்தாறு வீடும் பூட்டிக் கிடந்தது. வெயில் ஏறி ஒன்பது மணி வாக்கில் கல் வெடிக்க ஆரம்பித்தது. ஒரு அடுக்குப் பெயர்ந்தது, இன்னொன்று பெயர்ந்தது, முழங்கால் ஒன்று தெரிந்தது, கட்டம் போட்ட சட்டை தெரிந்தது, சட்டையின் பையில் பீடிக்கட்டு தெரிந்தது. யாரும் கிட்டே போகவில்லை. உதிர்வது அதன் வேலை, அதுவே செய்யட்டும் என்று நின்றார்கள். கடைசி அடுக்கு முகத்திலிருந்து நழுவியதும் மாதப்பன் இருமினான், எழுந்து உட்கார்ந்தான், தலையிலிருந்து நீல மண்ணைத் தட்டிவிட்டான்.

“வேட்டு வெடிச்சாச்சா?” என்று கேட்டான்.

“ஆச்சுப்பா,” என்றார் திம்மராயன். அவர் தலை முழுக்க நரைத்திருந்ததை மாதப்பன் கல்தூசி என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. சரிந்த அன்று என்ன வயதோ அதே வயது. பெருமாயிக்கு அன்று இருபத்தேழு, இன்று முப்பத்தெட்டு. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நீலக்கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான், பெருமாயியின் அக்காள்தான் சூளகிரியிலிருந்து வந்திருக்கிறாள் என்று எண்ணி, மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டான்.

“வாங்கக்கா. பெருமாயி வரலியா?”

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். எல்லம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த மூச்சும் நின்றது. பெருமாயி கையோடு கொண்டுவந்திருந்த தூக்குப் போசியைத் திறந்தாள். விடியலில் கிளறிய ராகிக் களி, ஒன்பது உருண்டை. எவ்வளவு பசியோடு வருவான் என்று தெரியாததால் ஒன்பது. தட்டில் ஒன்றை வைத்து, நடுவில் கட்டை விரலால் குழி செய்து, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள்.

அவன் சாப்பிட்டான். ஊரே நின்று பார்க்க, கூச்சப்படாமல், பேசாமல், ஒன்றை முடித்து இன்னொன்று, இரண்டை முடித்து மூன்று என்று சாப்பிட்டான். அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அதே குழி, அதே குழம்பு. நான்காவதில் அவன் அவள் கையைப் பார்த்தான். ஐந்தாவதில் கையிலிருந்து வளையலுக்கும், வளையலிலிருந்து முகத்துக்கும் பார்வை ஏறியது. ஆறாவதை மென்றுகொண்டே அந்த முகத்தை, காதோர நரையை, கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், பார்க்கப் பார்க்க மெல்வது மெதுவாயிற்று. ஏழாவதை முடித்தபோது அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்து நீல மண்ணில் இரண்டு தடம் போட்டுக்கொண்டு இறங்கியது. எட்டாவதை எடுக்கப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்தான். மூடியை எடுத்துப் போசியை மூடி, அவள் மடியில் வைத்தான்.

“நீ சாப்பிடலியே, பெருமாயி,” என்றான்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். இரண்டு இருந்தது.